பள்ளி உடற்கல்வியை ஊரார் முன் காட்டும் முறை

பள்ளி ஆண்டு விழா என்றதும் பந்தலும் ஒலிபெருக்கியும் பரிசளிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்விழாவில் உடற்கல்விக்கென ஒதுக்கப்படும் கால் மணி நேரத்தில், ஓட்டத்திலும் கபடியிலும் தேர்ந்த பத்துப் பன்னிரண்டு மாணவர்களே முன் நிற்பர். சிலர் தோள்மேல் ஏறி நின்று கோபுரம் அமைப்பர். ஊரார் கைதட்டி மகிழ்ந்து வீடு திரும்புவர். ஆனால், மற்றப் பிள்ளைகள் வாரத்தில் எத்தனை முறை மைதானத்தில் இறங்குகின்றனர், பெண் குழந்தைகளுக்கு அங்கே இடமுண்டா என்பவற்றை அக்காட்சியிலிருந்து எவரும் அறிய இயலாது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. தேர்வு நெருங்கியதும் பல பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளை வேறு பாடங்களுக்குச் சென்றுவிடுகிறது. பெற்றோர் அதை இழப்பாகக் கருதுவதில்லை; ஏனெனில், அந்தப் பாடவேளையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அது வீரர்களுக்கு மட்டும் கூறப்பட்டதன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆகவே, ஊரார் முன் காட்டத் தக்கது வெற்றி பெற்றவர்களின் திறமையன்று. ஒரு வகுப்பு முழுவதும் கற்கும் பாடமே.

முன்னோர் காட்டிய வழி

இக்கருத்து புதியதன்று. ஐரோப்பாவில் பிராகா நகரில் 1862-இல் தோன்றிய சொக்கோல் என்னும் உடற்பயிற்சிச் சங்கம், 1882-இல் தன் முதற் பெருவிழாவை நடத்தியது. சங்கத்தின் சாதாரண உறுப்பினர்கள் பெருந்திரளாக நின்று ஒன்றாகப் பயிற்சி செய்து காட்டுவதே அவ்விழாக்களின் சிறப்பாயிற்று. நம் சென்னையில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி என்பது பயிற்சி பெற்ற ஆசிரியரால் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டிய கல்வி என்னும் எண்ணம் இந்நாட்டில் வேரூன்ற அக்கல்லூரி துணை செய்தது.

நிகழ்ச்சியை அமைத்தல்

ஊத்துக்கோட்டையிலும், அதைச் சுற்றியுள்ள எல்லாபுரம், பூண்டி ஒன்றியக் கிராமங்களிலும் இதை நடத்தத் தை அறுவடைக்குப் பிந்திய நாட்கள் ஏற்றவை. வெயில் தணிந்த மாலை நேரமே நல்லது. ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதியாதலால், தெலுங்கு பேசும் குடும்பங்களும் இங்கு உள்ளன. அறிவிப்பை இரு மொழியிலும் செய்தால் தாய்மார் அனைவரும் விளங்கிக்கொள்வர்.

ஒரு வகுப்பு முழுவதையும், ஒருவரையும் விலக்காமல், மைதானத்தில் இறக்குக. உடல் ஊனமுற்ற பிள்ளைக்கும் அதற்கேற்ற பணி உண்டு. நாற்பது நிமிடப் பாடத்தை நான்காகப் பிரிக்கலாம்: முதல் ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றும் பயிற்சி, அடுத்த இருபது நிமிடம் எறிதல், பிடித்தல், தாண்டுதல் போன்ற திறன்களைச் சிறு குழுக்களாகக் கற்றல், பின்னர்ப் பத்து நிமிடம் கோ-கோ அல்லது கபடி, இறுதி ஐந்து நிமிடம் மூச்சை அமைதிப்படுத்தும் பயிற்சி. ஒவ்வொரு பகுதியும் எதற்காக என்பதை ஒரு மாணவியோ மாணவனோ இரண்டு வாக்கியங்களில் சொல்லட்டும். விழுந்தால் எலும்பு முறியக்கூடிய கோபுரக் காட்சிகள் வேண்டா.

இடையே ஒரு சிறு சோதனையையும் செய்து காட்டலாம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பந்தைக் கொடுத்து வரிசையில் நிறுத்துக. ஒருவர் எறிந்து பிடிக்கப் பதினைந்து விநாடி ஆகுமாயின், பத்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முறைதான் கிட்டும். பின்னர் எட்டுப் பந்துகளைக் கொடுத்து, ஐந்து ஐந்து பேராகப் பிரித்து நிறுத்துக. அதே பத்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் எட்டு முறை கிட்டும். ஒரே மடையிலிருந்து நாற்பது வயல்கள் முறை வைத்து நீர் பாய்ச்சுவதன் துன்பத்தை அறிந்த விவசாயிக்கு, இதை விளக்க வேறு சொல் வேண்டுவதில்லை.

பஞ்சாயத்தின் கடமை

காட்சி முடிந்தவுடன் கலைந்துவிடலாகாது. தலைமையாசிரியர் மூன்று செய்திகளைச் சபையில் படிக்கட்டும்: வாரத்துக்கு எத்தனை உடற்கல்விப் பாடவேளைகள் உண்மையில் நடந்தன, மைதானத்தின் பரப்பும் நிலையும் யாவை, எத்தனை பந்துகளும் கயிறுகளும் உள்ளன.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படித்தால், உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் கூறுகிறது. 2018-இல் வகுக்கப்பட்ட ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், விளையாட்டுப் பொருள்களுக்காக ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை அளிக்க வகை செய்தது. இவை நம் பள்ளிக்கு வந்து சேர்ந்தனவா என்று கேட்பது ஊராரின் உரிமை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அக்குழுவே. அன்று கண்ட குறைகளை அத்திட்டத்தில் எழுதச் செய்து, அடுத்த கிராம சபையிலும் எடுத்துரைக்க வேண்டும். மைதானத்தில் முள் அகற்றுதல், பள்ளம் நிரவுதல், குடிநீர் வைத்தல், நிழல் மரம் நடுதல் ஆகியவற்றை ஊரார் தாமே ஏற்கலாம்.

மறு ஆண்டு அதே நாளில் அம்மூன்று செய்திகளையும் மீண்டும் படிக்கட்டும். பாடவேளைகள் பெருகினவா, பந்துகள் கூடினவா என்பது அப்போது விளங்கும். வரிசையின் கடைசியில் நின்று முறைக்காகக் காத்திருந்த குழந்தையின் கைக்கும் பந்து வந்து சேர்ந்திருக்குமாயின், அதுவே அவ்விழாவின் வெற்றியாகும்.