குடல் புற்றுநோய் கல்லீரலில் எப்படிக் காலூன்றுகிறது?

கேள்வி: உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடல் புற்றுநோய் பரவ உதவுகிறதாமே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. எதிர்ப்புச் செல்களும் மற்ற செல்களும் தகவல் சொல்லச் சுரக்கும் சிறு புரதங்கள்தான் சைட்டோகைன்கள். புண்பட்ட இடத்தில் செல்களைப் பெருகச் சொல்வதும், வேலை முடிந்ததும் தாக்குதலை நிறுத்தச் சொல்வதும் இவையே. இரண்டு கட்டளைகளையுமே புற்றுநோய் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

பெருங்குடலின் ரத்தம் பெரும்பாலும் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. கட்டியிலிருந்து பிரியும் செல்களும் அங்கேதான் முதலில் இறங்குகின்றன. இறங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகும். மிஞ்சுபவை எப்படிப் பிழைக்கின்றன?

பார்சிலோனாவில் எட்வார்ட் பாட்லேயின் குழு 2012-இல் இதற்கு அருமையான விடை ஒன்றைக் கண்டது. புற்றுசெல்கள் சுரக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சைட்டோகைன், சுற்றியுள்ள இணைப்புத்திசு செல்களைத் தூண்டுகிறது. அவை இன்டர்லூகின்-11 என்ற மற்றொரு சைட்டோகைனைச் சுரக்கின்றன. அது புற்றுசெல்லுக்குள் ஸ்டாட்-3 என்ற புரதத்தை முடுக்கி, சாவிலிருந்து காக்கிறது. அதாவது, அண்டை வீட்டாரே சோறு போட்டு வளர்க்கிறார்கள்!

அதே டி.ஜி.எஃப்.-பீட்டா, புற்றுசெல்களைக் கொல்லும் எதிர்ப்புச் செல்களான டி செல்களைக் கட்டிக்குள் நுழையவிடாமலும் தடுக்கிறது. 2018-இல் இக்குழு எலிகளில் அந்தச் சமிக்ஞையை மருந்தால் அடைத்தபோது, டி செல்கள் உள்ளே புகுந்து கட்டிகளைத் தாக்கின. எலியில் பலித்ததெல்லாம் மனிதரில் பலிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மனிதரில் ஏற்கெனவே பலித்த ஒன்று உண்டு. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் திறன் இழந்த கட்டிகளில் டி செல்கள் நிறையவே இருக்கும். பரவிய நிலையிலுள்ள இத்தகைய கட்டிக்கு முதல் சிகிச்சையாக, டி செல்களின் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது. பரவிய குடல் புற்றுநோயாளிகளில் 100-க்கு சுமார் 5 பேருக்கே இவ்வகை. ஆனாலும் இவ்வகையைக் கண்டறியும் எம்.எஸ்.ஐ. பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.