ஆமென் என்றால் என்ன?



ஜெபம் முடிஞ்சிடுச்சு என்பதற்கு அடையாளம்தான் "ஆமென்" என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எபிரெயுவில் இதன் வேர்ச்சொல்லுக்கு "உறுதியாயிருத்தல்" என்று பொருள். யோவான் சுவிசேஷத்தில் இயேசு 25 தடவை சொல்லும் "மெய்யாகவே மெய்யாகவே" மூலத்தில் "ஆமென், ஆமென்"தான். நாம் கடைசியில் வைப்பதை அவர் முதலிலேயே வைத்தார்! யாத்திராகமம் 17:12-ஐ வாசியுங்கள். ஆரோனும், ஊர் என்பவனும் தாங்கினபடியால் மோசேயின் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரை உறுதியாய் நின்றன. அந்த "உறுதி"யும் இதே வேரில் பிறந்த சொல்.

ஒருமுறை உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரி மகனுடைய பரீட்சைக் கட்டணத்துக்காக அழுதாங்க. கூரை அதிர "ஆமென்" என்றேன். சட்டைப் பையில் பணம் இருந்தது. கை மட்டும் அசையலை. மூன்று நாள் மனசு குத்தின பிறகே கொண்டுபோனேன். அதற்குள் வீட்டிலிருந்த பித்தளை அண்டாவை விற்றுக் கட்டியிருந்தாங்க. "பரவாயில்லை பாஸ்டர், நீங்க ஜெபிச்சீங்களே" என்றாங்க. எனக்குத் தலை நிமிரவில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் யாருடைய ஜெபத்துக்கு ஆமென் சொன்னீர்கள்? அவர்கள் வீட்டுக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள். தாமதிக்காதீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.