நித்தியசூரிகளின் வரிசையும் தொண்டும்

பெருமாளுடைய பெருவிழாவில் முதன்முதல் வீதிக்கு எழுந்தருளுபவர் பெருமாள் அல்லர். சேனை முதலியார் எனப்படும் விஷ்வக்ஸேனரே ஆவார். கொடியேற்றத்துக்கு முன்னாள் மாலையில் அவர் திருவீதிகளைப் பார்வையிட்டு வர, முளைப்பாலிகைக்கு மண் எடுக்கப்படுகிறது. மறுநாள் கொடித்துணியில் எழுதப்பெற்ற கருடன் கம்பத்தில் ஏறுகிறான். அடுத்த நாட்களில் சேஷ வாகனமும் கருட வாகனமும் வருகின்றன. நிறைவில் தீர்த்தவாரியன்று சக்கரத்தாழ்வார் நீராடுகிறார். ஆக, சேவார்த்திகள் கண்ணாரக் காணும் திருவிழா, பரமபதத்திலுள்ள திருக்கூட்டத்தைப் பற்றிய ஒரு பாடமுமாகும்.

நித்தியசூரிகள் யாவர்?

உயிர்கள் மூவகையின என்று பிள்ளை லோகாசாரியர் தத்வத்ரயத்தில் வகுத்தருளினார். சம்சாரத்தில் கட்டுண்டவர் பத்தர். கட்டு நீங்கியவர் முக்தர். ஒருநாளும் கட்டுண்ணாதவர் நித்தியர். இந்நித்தியரே நித்தியசூரிகள். இந்திரன் முதலான தேவர்கள் இவர்களில் சேரார். இந்திர பதவி புண்ணியத்தால் வருவது. அதன் காலம் முடிந்தால் வேறொருவனுக்குப் போவது. நித்தியசூரிகளின் நிலையோ தொடக்கமும் முடிவும் இல்லாதது.

பிற சமயங்களிலும் இத்தகைய வரிசை பேசப்படுகிறது. கிறித்தவ மரபில் வானதூதர்களை ஒன்பது அணிகளாக வகுத்துரைப்பர். இஸ்லாமிய மரபில் இறைவசனத்தைக் கொணர்ந்தவர் ஜிப்ரீல். அங்கே தூது சொல்லுதல் முதன்மையான பணி. வைணவத்தில் நித்தியசூரிகளுக்கு முதன்மையானது கைங்கரியம். அதாவது எம்பெருமானை விட்டுப் பிரியாத அணுக்கத் தொண்டு.

அவரவர் பணி

முதலில் எண்ணப்படுபவர் அனந்தன். படுக்கை, இருக்கை, குடை, பாதுகை என்று எம்பெருமானுக்கு வேண்டும் வடிவமெல்லாம் தாமே ஆகின்றவர். எல்லாவற்றாலும் பிறருக்கே உரியவராய் இருத்தல் சேஷத்துவம். அதுவே அவருக்குச் சேஷன் என்ற பெயராயிற்று.

அடுத்தவர் பெரிய திருவடியாகிய கருடன். வேதமே வடிவானவர். ஊர்தியும் கொடியும் மேற்கட்டியும் விசிறியும் தோழனும் அடியவனும் அவரே என்று ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்தினத்தில் போற்றுகிறார்.

மூன்றாமவர் சேனை முதலியார். கையில் பிரம்பு ஏந்தி, எம்பெருமானின் ஆணையை நடத்துபவர். அவன் அமுது செய்த சேஷத்தை உண்பவர். குருபரம்பரையில் பெருமாளுக்கும் பிராட்டிக்கும் அடுத்து நின்று, நம்மாழ்வாருக்கு உபதேசித்தவரும் இவரே.

வைகுண்டத்து வாயில்களையும் இருவர் இருவராகக் காக்கின்றனர். கிழக்கே சண்டன், பிரசண்டன். தெற்கே பத்ரன், சுபத்ரன். மேற்கே ஜயன், விஜயன். வடக்கே தாதா, விதாதா. சங்கு, சக்கரம் முதலிய திவ்விய ஆயுதங்களும் உயிரற்ற கருவிகள் அல்ல. தொண்டு பூண்ட சூரிகளேயாம்.

வரிசையில் உயர்வு தாழ்வு உண்டோ?

இவ்வினா ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதியில் பொருள் நிறைந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வெல்லையில் இராமானுசரின் வழியும் மத்வரின் வழியும் அருகருகே வாழ்கின்றன. பேட்டராய சுவாமி திருமுன்னர் இரு வழியினரும் ஒருசேரக் கைகூப்பி நிற்கக் காணலாம்.

மத்வாசாரியர் தாரதம்யம் என்னும் கொள்கையை வலியுறுத்தினார். ஸ்ரீஹரி, அடுத்து இலக்குமி, பின்னர் பிரமனும் வாயுவும், அவர்க்குப்பின் கருடனும் சேஷனும் ருத்திரனும் என்று வரிசை இறங்கும். மோக்ஷத்திலும் இவ்வேறுபாடு நீங்காது. எனினும் அங்கே பொறாமைக்கு இடமில்லை. குடமும் செம்பும் அளவால் வேறாயினும், இரண்டும் நிறைந்திருக்கும்போது குறை எதற்கும் இல்லையன்றோ!

இராமானுசர் வழியிலோ, முக்தன் எம்பெருமானை அனுபவிப்பதில் நித்தியசூரிகளுக்கு ஒப்பாகிறான். என்றும் கட்டுண்ணாதவர் அவர். கட்டுண்டு மீண்டவன் இவன். பேறு ஒன்றே. அனந்தன், கருடன், விஷ்வக்ஸேனர் என்ற வரிசை பணியின் வரிசையே அன்றி, இன்பத்தின் ஏற்றத்தாழ்வு அன்று.

இரு கொள்கைகளும் வேறுபட்டவையே; அவ்வேறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தம் இடம் குறித்துச் செருக்குறுவோர்க்கு அத்திருக்கூட்டத்தில் இடமில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

வாயிற்காவலர் கற்பிக்கும் பாடம்

ஜய விஜயர் கதை பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்தில் உள்ளது. சனகாதி முனிவர்களை அவர்கள் வாயிலில் தடுத்தனர், சாபம் பெற்றனர். இரணியாட்சன் இரணியகசிபு, இராவணன் கும்பகர்ணன், சிசுபாலன் தந்தவக்ரன் என மும்முறை பிறந்தனர். எம்பெருமான் தானே வெளியே வந்து, ஏவலாளரின் பிழை தன் பிழையே என்று முனிவரிடம் பேசியருளினான் என்பது அங்குக் கவனிக்கத்தக்கது. வாயிலில் நிற்கும் உரிமை, அடியாரைத் தள்ளும் உரிமை ஆகாது.

ஆலையில் இரவுப்பணி முடித்து வரும் தொழிலாளியும், அவ்வாலையை நடத்தும் அதிகாரியும் சந்நிதியில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இருவர் தலையிலும் வைக்கப்படுவது ஒரே சடாரி. அது பெருமாளின் திருவடி. சடகோபராகிய நம்மாழ்வாரின் பெயர் தாங்கியது. அவ்வாழ்வாரைச் சேனை முதலியாரின் அம்சமாகப் பெரியோர் கொள்வர். வைகுண்டத்துத் திருக்கூட்டத்தின் தொடர்பு, தலைகுனிந்த எவர்க்கும் அங்கே ஒரு கணம் கிட்டுகிறது. தேர்வடத்தைப் பற்றி இழுக்கும் கைகளில் முன்கை எது, பின்கை எது என்று எம்பெருமான் கணக்கிடுவதில்லை. தொண்டு செய்தல் ஒன்றே நித்தியசூரிகளின் பெருமை; அப்பெருமை அடியார் அனைவர்க்கும் திறந்தே கிடக்கிறது.