ஸ்கேன் இருக்க, மறுபடி எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. இப்போது சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்த்தபடி முதுகில் ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். அவசியமா?

பதில்: அவசியம்தான். எந்த நரம்பு நசுங்குகிறது என்று எம்.ஆர்.ஐ. காட்டும்; ஊசிமுனை இந்த நொடி எங்கே நிற்கிறது என்று காட்டாது. ஸ்டீராய்டு மருந்து போக வேண்டிய, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடியூரல் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். கையால் தடவிப் பார்த்து மட்டும் போட்டால் அனுபவசாலிக்கும் குறி தவறும். நேரடி எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் திரையில் எலும்பும் ஊசியும் அப்படியே தெரியும். முக்கியமான கட்டம் அடுத்தது: மருந்துக்கு முன் கொஞ்சம் சாயம் செலுத்துவார்கள். அது நரம்பை ஒட்டிப் பரவினால் இடம் சரி. சட்டென்று ஓடி மறைந்தால் முனை ரத்தக்குழாயில் இருக்கலாம். அங்கே ஸ்டீராய்டு போனால், மிக அரிதாக, பக்கவாதம்கூட வரலாம். 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த ஊசிகளின் அரிய, கடுமையான நரம்புப் பாதிப்புகள் பற்றி எச்சரித்தது. தயவுசெய்து இந்த எக்ஸ்ரேயை வீண்செலவு என்று நினைக்காதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால், ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை அளவு ஏறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். நிவாரணம் பெரும்பாலும் சில வாரம், சிலருக்குச் சில மாதம். அதற்குள் பிசியோதெரபியைத் தொடங்கிவிட வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ ஊசிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.