நிரை பிடித்துக் கடல் பார்த்தல்

லூனாஸ் வட்டாரத் தமிழர்களுக்குக் கடல் தூரமில்லை. பட்டர்வொர்த் கரைக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் நம் பேச்சில் கடல் கிடையாது. மங்கு, நிரை, பெரட்டு, ஒட்டுப்பால் என்று பால்மரக் காட்டுக்கு நம்மிடம் ஒரு தனி அகராதியே இருக்கிறது. படகிலிருந்து வெள்ளையாக ஒரு பறவையைக் கண்டாலோ ‘கொக்கு’ என்கிறோம். நீரில் ஒரு முதுகு தெரிந்தால் ‘டால்பின்’ என்கிறோம். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சிறு படகில் சென்று கடற்பறவைகளையும் கடற்பாலூட்டிகளையும் பார்ப்பது எப்படி, பார்த்ததை எழுதி வைப்பது எப்படி என்பதை நம் கெடா மாநிலத்து லங்காவிக் கடலை வைத்து இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

லங்காவியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே 2010ஆம் ஆண்டு முதல் ஓங்கில்கள் முறையாக ஆராயப்பட்டு வருகின்றன. அவ்வாய்வை நடத்தும் மரேசெட் அமைப்பு 2012இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் லூயிசா பொன்னம்பலம் என்னும் மலேசியக் கடல் உயிரியலாளர். ஓங்கில் என்பது தமிழக மீனவர் டால்பினுக்கு வழங்கும் சொல். கடற்பசுவை அவர்கள் ஆவுளியா என்பர். இச்சொற்கள் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. நம் முன்னோருள் பெரும்பாலோர் உள்நாட்டு உழவர்கள் அல்லவா?

லங்காவிக் கரையோரத்தில் முக்கியமாக மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும். கூன்முதுகு ஓங்கிலின் முதுகுத்துடுப்பு ஒரு சிறு திமில்மேல் அமைந்தாற்போல் இருக்கும். குட்டியில் கருஞ்சாம்பல் நிறம். வயது ஏற ஏற வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும். ஐராவதி ஓங்கிலுக்கு நீண்ட அலகு இல்லை. தலை உருண்டை, துடுப்பு சிறிது. பெயர் பர்மிய ஆற்றினுடையது என்றாலும், 1852இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த ஒன்றைக் கொண்டே ரிச்சர்ட் ஓவன் 1866இல் அதனை விவரித்தார். மூன்றாவது, துடுப்பே இல்லாத கடற்பன்றி. இதுதான் நம்மைச் சோதிக்கும். கறுத்த டயர் ஒன்று உருண்டு அமிழ்ந்ததுபோல் ஒரு கணம் தெரியும். பக்கத்திலிருப்பவரைக் கூப்பிடுவதற்குள் மறைந்துவிடும்.

சிறு படகில் நம் கண் நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அவ்வுயரத்திலிருந்து தொடுவானம் வெறும் 5 கிலோமீட்டர். கடற்பன்றியின் முதுகோ சில நூறு மீட்டருக்குள் எழுந்தால்தான் தெரியும். ஆகவே அலையின் நிலையைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. ஆங்காங்கே வெண்ணுரை தோன்றிவிட்டால், பார்த்தோம் என்று சொல்வதற்கும் பார்க்கவில்லை என்று சொல்வதற்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

படகை ஓட்டும் முறை தோட்டப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். மரம் வெட்டுகிறவர் தமக்கு விழுந்த நிரையை விட்டுவிட்டுப் பால் அதிகம் வடிகிற மரத்தைத் தேடி ஓடுவதில்லை. கடலிலும் அப்படித்தான். வரைபடத்தில் முன்னரே கோடிட்டு, அக்கோட்டிலேயே சீரான மெதுவான வேகத்தில் செல்ல வேண்டும். ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம், மூன்றாமவர் கையில் குறிப்பேடு. நேரம், இடம், அலை, எத்தனை உயிர், குட்டி உண்டா என்பவற்றை எழுத வேண்டும். ஓங்கில் தென்பட்டால் கோட்டை விட்டு விலகலாம். ஆனால் விலகிய நேரத்தைக் குறிக்க வேண்டும். பின்னர் பக்கவாட்டில் மெதுவாக நெருங்கி, குறைந்தது 50 மீட்டர் தள்ளி நின்று, முதுகுத்துடுப்பைப் படமெடுக்க வேண்டும். துடுப்பின் ஓரத்து வெட்டுகளும் தழும்புகளும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதே துடுப்பு அடுத்த ஆண்டும் படத்தில் விழுந்தால், அவ்விலங்கு உயிரோடிருக்கிறது என்று பொருள்.

‘ஒன்றும் தென்படவில்லை’ என்ற வரியையும் எழுத வேண்டும். மாணவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஓங்கில்கள் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி மாண்டுபோகும். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு மீன்வள விதிகள் அவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆனால், ஓரிடத்தில் அவை குறைந்துவிட்டன என்று காட்ட வேண்டுமானால், எத்தனை மணி நேரம் தேடியும் காணவில்லை என்ற கணக்கு வேண்டும். கண்ட நாள்களை மட்டும் எழுதிய ஏடு எந்தக் குறைவையும் காட்டாது.

பறவைகள் இத்தேடலுக்குப் பெரிதும் உதவும். ஆலாக்கள் ஓரிடத்தில் வட்டமிட்டு நீரில் பாய்ந்தால், கீழே மீன்கூட்டம் மேலெழுந்துள்ளது எனலாம். அதன் அடியில் ஓங்கில் இருக்கவும் கூடும். தமிழ் பயிலும் நாம் இன்னொன்றையும் நினைவிற்கொள்ளலாம். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் ‘சிறுவெண்காக்கைப் பத்து’ என்றே ஒரு பத்து உண்டு. அக்காக்கை கடற்காகமோ ஆலாவோ ஆகலாம் என்பது என் எண்ணம். எதுவாயினும், அதனைக் கொக்கு என்று அவர்கள் சொல்லவில்லை!

லங்காவியில் கழுகுக்குக் குறைவில்லை. அப்பெயரே ‘ஹெலாங்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். சுற்றுலாப் படகுகள் கோழித்தோலை வீசிச் செம்பருந்துகளையும் வெண்வயிற்றுக் கடற்கழுகுகளையும் அழைப்பது பல ஆண்டுகள் நடந்து வந்த வழக்கம். அது பறவை பார்த்தல் அன்று, பந்தி வைத்தல். அப்படி வந்த பறவைகளின் எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் சேர்க்கக் கூடாது.

புறப்பட ஏற்ற காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை; மேற்குக் கரைக் கடல் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். படகுக்குப் பணம் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலமூடா வரையுள்ள சேற்றுக்கரையில் அதே மாதங்களில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வந்து தங்கும். நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு தொலைநோக்கியுடன் போனால் போதும்.