சாய்ப்பை அறையாக்கலாமா?

கேள்வி: மாமல்லபுரம் ஐந்து ரதத்துக்கு அருகில் எங்களுக்குச் சொந்த வீடு. அதை ஒட்டிப் பக்கவாட்டில், அப்பா காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு ஒன்று இருக்கிறது. அம்மாவால் மாடி ஏற முடியவில்லை. சாய்ப்பைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கழிப்பறையோடு அறையாக்க மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்தோம். செங்கல் இறக்கியதும் தொல்லியல் துறை நோட்டீஸ் வந்தது. இரண்டு மாதம் ஆகிறது. கூரை ஏற்கெனவே இருப்பதால் இது மராமத்துதானே? ரதத்திலிருந்து வீடு 100 மீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது.
- வாசகர், மாமல்லபுரம்

பதில்: வேலையை நிறுத்தி வையுங்கள். 100 மீட்டரை ரதத்தின் கல்லிலிருந்து அளக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை எங்கே முடிகிறதோ, அங்கிருந்து அளக்க வேண்டும். தொல்லியல் சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம். தடைப் பகுதியில் புதுக் கட்டுமானத்துக்கு அனுமதி தர, 2010 திருத்தத்துக்குப் பிறகு எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. இருக்கிற கட்டடத்தை உயர்த்துவதும் பக்கவாட்டில் நீட்டுவதும்கூடக் கட்டுமானம்தான். மீறினால் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

வீடு தடைப் பகுதிக்குள் இருந்தால் உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: அந்தச் சாய்ப்பு 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்ததா? இருந்தது என்றால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் பிரிவு 20சி-யின் கீழ் விண்ணப்பிக்கலாம். பழைய நீள அகலத்துக்குள், பழைய உயரத்துக்குள் சுவர் வைப்பது புதுப்பிப்பே என்று வாதிட இடமுண்டு. ஏற்பதும் மறுப்பதும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையைப் பொறுத்தது. கூரையை உயர்த்திக் கான்கிரீட் போட்டாலோ, கழிப்பறை சாய்ப்புக்கு வெளியே நீண்டாலோ அந்த வாதம் நிற்காது. அனுமதியின்றிப் பின்னாளில் போட்ட சாய்ப்பு என்றால் அதை அறையாக்கும் எண்ணத்தை விடுங்கள். கீழ்த்தளத்தில் இருக்கிற அறை ஒன்றை அம்மாவுக்கு ஒழித்துக் கொடுங்கள்.

‘அப்பா காலத்தில்’ என்பது தேதி ஆகாது. கடிதத்தில் ஆண்டு இல்லை, வரைபடம் இல்லை, வரி ரசீது பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கோப்பையாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? அதைவிட மோசம், நோட்டீஸைக் கையில் வாங்கி இரண்டு மாதம் சும்மா இருந்தது. உங்கள் மௌனத்தை, சொல்ல பதில் இல்லை என்றே அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். அவகாசம் கேட்டு ஒரு வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தாலும் இன்று நிலைமை வேறு.

இனியாவது தேடுங்கள். பழைய வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, கட்டட விவரம் உள்ள பத்திரம், சாய்ப்பு தெரிகிற குடும்பப் போட்டோ எல்லாம் உதவும். ரசீது தொலைந்திருந்தால், உள்ளாட்சியின் பழைய வரி விதிப்புப் பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆனால் வரி ரசீது, சாய்ப்பு இருந்ததற்குச் சாட்சியே தவிர அனுமதி ஆகாது. தூரத்துக்கு, திருக்கழுக்குன்றம் வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைக்கு மனுக் கொடுங்கள்.

தொல்லியல் அனுமதி கிடைத்தாலும் கட்டட அனுமதி தனி. 2019 கட்டட விதிகளின்படி பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தைச் சாய்ப்பு அடைத்திருந்தால் அங்கேயும் சிக்கல் வரும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மனை வருகிறதா என்பதையும் பாருங்கள்.

நோட்டீஸைப் படிக்காமல் இதற்கு மேல் எழுதுவது சரியல்ல. ஆவணங்கள் சேரும்வரை காத்திருக்காமல், நோட்டீஸோடு செங்கல்பட்டில் ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பார்த்து, பதிலை எழுத்தில் கொடுங்கள்.