ஆர்டர் மெயில் ஸ்பேமில் விழுந்தால் சல்லடையைக் கழற்றலாமா?

போடியில் ஏலக்காய் வாங்கும் வடநாட்டு வியாபாரிகள் ஒரு காலத்தில் தந்தியையும் டிரங்க் காலையும் நம்பி இருந்தார்கள். இன்று விலை விவரம், பில், லாரி ரசீது எல்லாம் மெயிலில் போகின்றன. "பில் வரவில்லையே" என்று அவர் போன் செய்தால், பல நேரம் அது அவருடைய ஸ்பேம் பகுதியில் கிடக்கும். அவருடைய ஆர்டர் நம் ஸ்பேமில் கிடப்பதும் உண்டு. உடனே கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியை அழைத்து, "அந்த ஃபில்டரை எடுத்துவிடப்பா" என்கிறோம். அது ஆபத்து.

காயைத் தரம் பிரிக்க 7 மில்லி, 8 மில்லி என்று சல்லடை வைத்திருக்கிறோம். மெயில் சல்லடைக்கு அளவு புள்ளிக் கணக்கு. பல மெயில் சர்வர்களில் ஓடும் ஸ்பேம்அசாசின் என்ற இலவச மென்பொருள், ஒவ்வொரு மெயிலையும் பல விதமாகச் சோதித்துப் புள்ளி போடுகிறது. கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் ஸ்பேம். குப்பை அதிகம் என்று இதை 2 ஆக்கினால் நல்ல ஆர்டரும் சேர்ந்து போகும்; 10 ஆக்கினால் சொத்தையெல்லாம் உள்ளே வரும்.

ஆகவே எண்ணில் கை வைக்குமுன் காரணத்தைப் பார்க்க வேண்டும். அது மெயிலின் தலைப்பு வரிகளிலேயே இருக்கிறது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்று கொடுத்தால் அவை தெரியும். ஸ்பேம்அசாசின் உள்ள சர்வரில் 'எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்' என்ற வரி, எத்தனை புள்ளி, எந்தச் சோதனையில் விழுந்தது என்று சொல்லும். 'அத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' என்ற வரியில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பாஸா ஃபெயிலா என்று இருக்கும்.

எஸ்பிஎஃப் என்பது, நம் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று டொமைன் பதிவில் நாம் எழுதி வைக்கும் பட்டியல். எந்த லாரிக்குச் சரக்கு ஏற்றலாம் என்று குடோனில் எழுதிக் கொடுப்பதைப் போல. டிகேஐஎம் மூட்டை வாயில் வைக்கும் முத்திரை. வழியில் பிரித்தால் தெரிந்துவிடும். இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்கு நாம் சொல்லி வைப்பது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பு காட்டுகின்றன. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இவற்றில் ஒன்றாவது எல்லோருக்கும் வேண்டும். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில் அனுப்புகிறவருக்கு மூன்றும் வேண்டும்.

வழக்கமாகக் காணும் கோளாறு இரண்டு. மெயில் கம்பெனியை மாற்றும்போது பழைய எஸ்பிஎஃப் வரியை நீக்காமல் புதியதையும் சேர்த்து விடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மற்றொன்று, பில்லிங் மென்பொருள் தன் சொந்த சர்வரிலிருந்து பில்லை அனுப்பும். அந்த சர்வர் நம் பட்டியலில் இருக்காது.

இவற்றைவிடப் பெரிய தவறு, நம் டொமைனையோ வாடிக்கையாளர் டொமைனையோ 'சோதிக்காமல் விடு' என்று எழுதி வைப்பது. அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, தொகையை இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று அவர் பெயரில் வரும் மெயில் நேரே உள்ளே வந்துவிடும். ஒரு லாட்டின் பணம் முழுவதும் போய்விடும். சோதனையில் பாஸ் ஆனால் மட்டும் விடும்படி எழுதும் வசதி ஸ்பேம்அசாசினிலேயே உண்டு. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அப்போதும், ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி டொமைன் மூன்றிலும் பாஸ் ஆகும். ஆகையால் கணக்கு எண் மாறினால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள போன் எண்ணில் பேசாமல் பணம் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும்.

வெளியே போகும் மெயிலிலும் கவனம் தேவை. நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனத்தின் டொமைனையே, மோசடி மெயில் புகார்களைக் காட்டி, அதைப் பதிவு செய்திருந்த நிறுவனம் 2018 செப்டம்பரில் நிறுத்தியது. அத்தனை பெரிய இடத்துக்கே அந்த நிலை. கடையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் கடுமையாக்க வேண்டாம். முதலில் 'நன்' என்று வைத்துச் சில வாரம் வரும் அறிக்கைகளைப் பார்த்து, பில்லிங் சர்வர் உட்பட எல்லாம் பாஸ் ஆன பிறகு 'குவாரன்டைன்' என்று மாற்றச் சொல்லுங்கள்.